கரண்ட் இல்லாத இரண்டு இரவுகள்: ஒட்டுசுட்டான் பயணக் குறிப்பு

8 பெப்ரவரி 2025, சனி

அதிகாலை 4 மணிக்குக் கொழும்பு வெள்ளவத்தையை விட்டோம். புத்தளம், அநுராதபுரம், வவுனியா என்று நீண்ட ஓட்டம். தைப்பூசத்துக்கு முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில், பெரியம்மா வீட்டில் புதிர் எடுக்கிறார்கள், புது நெல் அரிசியில் முதல் பொங்கல். "இந்த முறையாவது வந்து ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்று பொங்கல் முடிந்த நாளிலிருந்து தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருந்தார். பெரியப்பா போய் இது மூன்றாவது தை. பிள்ளைகளுக்கு இரண்டு நாள் பள்ளிக்கூடம் தவறும். தவறட்டும் என்று முடிவெடுத்தோம்.

வவுனியாவில் காலைச் சாப்பாடு. இடியப்பம், சொதி, சம்பல், நால்வருக்கும் தேநீரோடு 1,850 ரூபாய். சம்பலைக் கண்ணில் காட்டினார்கள், அவ்வளவுதான். தேங்காய் 200 ரூபாயைத் தாண்டி நிற்கும்போது கடைக்காரரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

எங்கள் பாதை மாங்குளத்தில் கிழக்கே திரும்ப வேண்டும். ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டு முறிகண்டிப் பிள்ளையாரிடம் தலைகாட்டாமல் போக என் கணவருக்கு மனமில்லை. நேரே வடக்கே போய், தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பினோம். கச்சான் விற்ற அம்மா அளந்து போட்டபின், ஒரு கைப்பிடி அள்ளிச் சின்னவனின் சட்டைப் பைக்குள் போட்டார். "இது கணக்கில இல்லை தம்பி, உமக்கு." அவன் ஒட்டுசுட்டான் வரைக்கும் அந்தப் பையைப் பொத்திப் பிடித்தபடியே வந்தான்.

ஒரு மணிக்கு முன்னதாக வீடு போய்ச் சேர்ந்துவிட்டோம். குத்தரிசிச் சோறு, முத்துஐயன்கட்டுக் குளத்து விரால் குழம்பு, முருங்கையிலை வறை, எருமைத் தயிர். சின்னவன் மூன்று தரம் தயிர் கேட்டான்.

இந்த வீட்டை எனக்கு வேறு மாதிரித்தான் தெரியும். யாழ்ப்பாணத்தில் இருந்து இடம்பெயர்ந்து 1996இல் இங்கே வந்தபோது எனக்கு 8 வயது. கிட்டத்தட்ட இரண்டு வருடம் இருந்தோம். அப்போது மண் சுவர், கிடுகுக் கூரை. வன்னிக்குள் கரண்ட் என்ற சொல்லே கிடையாது. மண்ணெண்ணெய் மருந்து மாதிரி அளந்து பாவித்த காலம். இப்போது ஓட்டு வீடு, மாபிள் நிலம், பிரிட்ஜ், ரைஸ் குக்கர், மேலே 500 லீட்டர் தொட்டி. கிணற்றுக்கு மேலே இரும்புச் சட்டம் அடித்துக் கம்பி வலை போட்டிருக்கிறார்கள். துலாவும் இல்லை, கப்பியும் இல்லை. மோட்டர்க் குழாய் மட்டும் உள்ளே இறங்குகிறது.

"இப்ப ஆர் அள்ளிக் குளிக்கிறது? சுவிச்சைப் போட்டால் சரி" என்றார் அண்ணா, பெரியம்மாவின் மகன். உள்ளபடியே எனக்கும் அது சந்தோசமாகத்தான் இருந்தது. மச்சாளின் கையைப் பார்த்தேன். பெரியம்மாவின் உள்ளங்கையில் இருக்கிற காய்ப்பு அதில் இல்லை.

9 பெப்ரவரி, ஞாயிறு

காலையில் நல்ல பனி. வேலி தெரியவில்லை. எட்டரைக்குத்தான் வெயில் எட்டிப் பார்த்தது. குளத்தடிக்குப் போய் அண்ணா மூன்று கிலோ மீன் வாங்கி வந்தார். ஞாயிறு என்று ஆட்கள் வருவார்கள், பாதியை இன்றைக்குக் கறி வைப்பது, மீதி பிரிட்ஜில்.

பதினொன்றரை மணி இருக்கும். காற்றாடி மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. "கரண்ட் போயிட்டு" என்று மச்சாள் வெங்காயத்தில் இருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார். ரைஸ் குக்கரில் சோறு பாதி வெந்திருந்தது. எடுத்துக் காஸ் அடுப்பில் வைத்தோம். நல்ல காலம், சோறு தப்பியது.

பெரியம்மா செய்ததைத்தான் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். முற்றத்தில் செத்தல் மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தவர், சுளகைக் கீழே வைத்தார். எழும்பி நேரே குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்தார். மூன்று குடம், இரண்டு பெரிய சட்டி, பால் வாளி, பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிக் வாளி, ஒவ்வொன்றாக நிரப்பினார். ஒன்பது பேர் காலையில் குளித்து முடித்து, மத்தியானம்தான் மோட்டர் போட இருந்த நேரம். பிளாஸ்டிக் வாளி அரைவாசி வருவதற்குள் குழாய் இருமத் தொடங்கியது. அப்புறம் காற்று.

"ஏன் அம்மா, இப்ப வந்திடும்" என்றார் அண்ணா.

"வரட்டும். வந்தால் நல்லது."

இரண்டு மணிக்குப் பிறகு தொலைபேசியிலும் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து போயின. கோபுரத்துப் பற்றரி இறங்கியிருக்க வேண்டும். இவர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டியிருந்தது. போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மாமரத்தடி, கிணற்றடி, படலை என்று சுற்றினார். மூத்தவள் அறைக்குள் படுத்துக்கொண்டு கறுத்த திரையைத் தட்டிப் பார்த்தபடி இருந்தாள். அவளுக்கு 13 வயது, இப்படி ஒரு பகல் அவள் வாழ்க்கையில் வந்ததில்லை.

செய்தி கொண்டுவந்தது பக்கத்து வீட்டு ஐயாவின் பற்றரி வானொலி. இலங்கை முழுக்க இல்லையாம். கொழும்புக்குத் தெற்கே ஓர் உபமின்நிலையத்துக்குள் குரங்கு ஒன்று புகுந்துவிட்டதாம். பிள்ளைகள் நம்பவே இல்லை. ஐயா, "எங்கட குரங்குகள் தேங்காயைத்தான் புடுங்கும், அங்கத்தையான் நாட்டையே புடுங்கிப் போட்டுது" என்றதும் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தார்கள்.

ஐயா ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். ஒரு குரங்கு எப்படி நாடு முழுவதையும் இருட்டாக்கும் என்று நான் கேட்டபோது, மண்ணில் குச்சியால் கீறி விளங்கப்படுத்தினார். ஞாயிறு மத்தியானம் அலுவலகம், தொழிற்சாலை எல்லாம் பூட்டு. தேவை குறைவு. வெயிலோ உச்சியில், கூரைச் சூரியத் தகடுகள் எல்லாம் மின்சாரத்தைக் கொட்டுகின்றன. அதற்கு இடம்விட்டுப் பெரிய சுழலிகளைக் குறைத்து வைத்திருப்பார்கள். பாரமான சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தால் ஓர் அடி விழுந்தாலும் தாங்கும். பாரமில்லாத சக்கரம் உடனே தடுமாறிவிடும். ஓரிடத்தில் விழுந்தது அடுத்ததை இழுத்து, அது அதற்கடுத்ததை இழுத்து எல்லாம் நின்றுவிடும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். எனக்கு அது தேவையாகவும் இருந்தது.

ஒழுங்கை முகப்பில் ஒரு வீட்டுக் கூரையில் பளபளவென்று சூரியத் தகடு. மகன் வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பிப் போட்டுக் கொடுத்தது. வெயில் கொளுத்துகிறது, ஆனால் அந்த வீட்டிலும் கரண்ட் இல்லை. வீட்டுக்கார அக்காவுக்கு அழாக்குறை. அது பெரிய லைனோடு இணைத்த வகை. லைனில் மின்சாரம் இல்லையென்றால் தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால், கம்பி திருத்த ஏறுகிறவனுக்கு அடிக்கும். ஆறு மாதமாகக் கூரையில் இருக்கிற சாமான், இன்றைக்குத்தான் இந்த விஷயம் அவருக்குத் தெரியவந்தது.

அதே நேரம் வயல் காவல் கொட்டிலில், யானைக்கு வெளிச்சம் காட்டப் பூட்டியிருந்த சின்னத் தகடும் பழைய பற்றரியும் வேலை செய்தன. பின்னேரம் ஒழுங்கையில் இருக்கிற போன் முழுக்க அந்தக் கொட்டிலில்தான். எது யாருடையது என்று தெரிய ஒவ்வொன்றிலும் துண்டுக் கடதாசி ஒட்டி வைத்திருந்தான் காவலுக்கு இருந்த பெடியன். காசு நீட்டியபோது வாங்கவில்லை. "உது வெயில் தாறது அண்ணை" என்றான்.

நாலு மணிக்குத் தண்ணீர்ப் பிரச்சினை முற்றியது. கழிப்பறைக்கு வாளி வாளியாக வேண்டும். அண்ணா கம்பி வலையின் ஒரு பக்க ஆணிகளைக் கழற்றினார். கப்பி எங்கே? பெரியம்மாவுக்குத் தெரிந்திருந்தது. கோழிக்கூட்டுக்கு மேலே, சாக்கில் சுற்றி வைத்திருந்தார். அண்ணா அதை இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டதாக இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தாராம்.

துருவேறிச் சுற்ற மறுத்தது. பெரியம்மா தேங்காயெண்ணெயை விரலால் தொட்டு அச்சுக்குள் விட்டு, முன்னும் பின்னுமாக அசைத்துக்கொண்டே இருந்தார். முதலில் கறுப்பாக எண்ணெய் கசிந்தது. பிறகு சிவப்பாக. அப்புறம் ஒரு "கிரீச்". அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு முதுகு சிலிர்த்தது. 27 வருடத்துக்கு முந்திய காலை நேரங்கள் எல்லாம் அந்த ஒற்றைச் சத்தத்துக்குள் இருந்தன. மாட்டுக் கயிற்றைக் கட்டி வாளியை இறக்கினோம். தண்ணீர் 12 அடியில். மாரி நன்றாகப் பெய்திருந்ததால் அவ்வளவு கிட்ட.

மூத்தவள் தானே அள்ளுவேன் என்று வந்தாள். ஆறாவது வாளியில் உள்ளங்கையில் கொப்பளம். கயிற்றை இறுக்கிப் பிடித்து இழுக்கிறாள், அதுதான் பிழை. "கையால இழுக்கிறேல்லை பிள்ளை, உடம்பால இழுக்கிறது" என்று பெரியம்மா ஒரு தரம் இழுத்துக் காட்டினார். 71 வயது. வாளி ஆடாமல் மேலே வந்தது.

அப்புறம் இன்சுலின். பெரியம்மாவுக்குச் சலரோகம், பிரிட்ஜில் மூன்று போத்தல். மச்சாள் பதறிப்போய்விட்டார். ஒரு பெரிய மண்சட்டியில் ஈர மணல், அதற்குள் சின்னச் சட்டி, அதற்குள் பொலித்தீனில் சுற்றிய போத்தல்கள், மேலே நனைத்த துணி. திண்ணையின் நிழல் மூலையில், காற்று படும் இடத்தில் வைத்தோம். திறந்த போத்தல் 30 பாகைக்குள் இருந்தால் ஏறக்குறைய நான்கு கிழமை தாங்கும், திறக்காத இரண்டையும் பற்றித்தான் கவலை. துணி காயும்போதெல்லாம் தண்ணீர் தெளிப்பது சின்னவனின் வேலை. அவன் அதைக் கடிகாரம் பார்த்துச் செய்தான்.

ஆறு மணி தாண்டி ஒழுங்கை முழுக்க "ஓ" என்று சத்தம். வெளிச்சம் வந்தது! பத்துப் பன்னிரண்டு விநாடி இருக்கும். சந்தி டிரான்ஸ்போமரில் "டப்" என்று ஒரு வெடிச்சத்தம், நீல நெருப்பு, மறுபடி இருட்டு. நாடு முழுக்க வந்துவிட்டது, பெருந்தெருக் கடைகளில் விளக்கு எரிவது இங்கிருந்தே தெரிகிறது. எங்கள் ஒழுங்கையில் 14 வீட்டுக்கும் நெல் மில்லுக்கும் மட்டும் இல்லை. அறிவித்தாயிற்று. இன்றைக்கு ஆட்கள் வர மாட்டார்கள் என்று பதில் வந்தது.

பிரிட்ஜில் மீன் இருந்ததே! வயிறு கீறி, உப்பும் மஞ்சளும் தேய்த்துச் சட்டியில் அடுக்கி மூடினோம். நாளைக்கு வெயிலில் போட்டால் கருவாடு.

இரவு பெரியம்மா விளக்குச் செய்தார். ஜாம் போத்தல் ஒன்று. அடியில் பஞ்சை அமுக்கினார். அடுப்பு மூட்ட வைத்திருந்த மண்ணெண்ணெயில் ஒரு மூடி அளந்து, பஞ்சு நனைய விட்டார். அண்ணா பழைய சைக்கிள் ரியூப்பில் இருந்து வால்வு வெட்டிக் கொடுத்தார். அதற்குள் சீலைத் திரியை நுழைத்துப் பஞ்சின் நடுவில் நிறுத்தினார். கண்ணாடிக்குள்ளேயே எரிவதால் காற்றுக்கு அணையாது. ஆட்டிப் பார்த்தேன், எண்ணெய் சிந்தவில்லை. சிக்கன விளக்கு என்போம். இந்த வெளிச்சத்தில்தான் நான் மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் படித்தேன். ஐந்து நிமிடம் ஆகவில்லை, செய்து மேசையில் வைத்துவிட்டார். அவர் முகத்தில் பெருமையோ பழைய நினைவோ ஒன்றும் இல்லை. கறி தாளிப்பதுபோலச் செய்தார்.

பிறகு ஒரு கடதாசி மட்டையை எடுத்து, விளக்குக்கும் ஜன்னலுக்கும் நடுவில் சாய்த்து வைத்தார்.

"அது ஏன் அம்மம்மா?" மகள் கேட்டாள்.

"பழக்கம் பிள்ளை." சற்றுப் பொறுத்து, "மேல இருந்து பாத்தால் தெரியக் கூடாது" என்றார்.

பூசத்துக்கு முந்திய நிலவு, முற்றத்தில் ஊசி விழுந்தாலும் எடுக்கலாம். பாய் போட்டு எல்லோரும் வெளியே இருந்தோம். அவித்த பனங்கிழங்கு, தேங்காய்ச் சொட்டு. பிள்ளைகள் கதை கேட்டார்கள். மூத்தவள் என் மடியில் சாய்ந்துகொண்டு, "ஒவ்வொரு நாளும் இப்பிடி இருந்தால் நல்லா இருக்கும், என்ன அம்மம்மா?" என்றாள்.

"நல்லாத்தான் இருக்கும். நாளைக்கு வருமெண்டு தெரிஞ்சால் நல்லாத்தான் இருக்கும்."

நடுச்சாமம் தண்ணீர் குடிக்க எழும்பினேன். பெரியம்மா நித்திரை கொள்ளவில்லை. கதவுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தார். காலடியில் ஒரு நீல ரெக்சின் பை. அதை எனக்குத் தெரியும். அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், காணிப் பத்திரம், பெரியப்பாவின் படம், எல்லாம் பொலித்தீனில் சுற்றி அதற்குள் இருக்கும். போர் முடிந்த 2009 மே மாதம் வட்டுவாகல் பாலம் கடந்து வந்தபோதும், செட்டிக்குளம் முகாமில் இருந்தபோதும் தோளில் இருந்தது இந்தப் பைதான். அலுமாரியில் பூட்டி இருந்ததை எப்போது எடுத்து வந்தாரோ தெரியாது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் கை என் தலையில் வந்து இருந்தது.

10 பெப்ரவரி, திங்கள்

காலை ஆறரைக்கு வயல். பனியில் செருப்பு வழுக்கிச் சின்னவன் வரம்பில் இருந்து வாய்க்காலுக்குள் விழுந்தான், முழங்கால் உரசல். முத்துஐயன்கட்டு வாய்க்கால் தண்ணீர், நல்ல குளிர்.

தூரத்து வயலில் வெட்டும் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. ஏக்கருக்கு 13,000 கேட்கிறார்கள் என்றார் அண்ணா. அரசாங்கம் நாட்டு நெல் கிலோ 120, சம்பா 125, கீரிச் சம்பா 132 என்று போன புதன்கிழமைதான் விலை சொல்லியிருந்தது. வரம்பில் நின்ற எல்லோருடைய வாயிலும் அந்த 120தான். காய்ந்த நெல்லுக்குத்தான் அந்த விலை. வெட்டிய கையோடு ஈரநெல்லை ஏற்ற வருகிற வியாபாரி 90க்கு மேல் போகமாட்டேன் என்கிறார். காயவைக்கக் களம் இல்லாதவனும் கடனுக்கு உரம் எடுத்தவனும் 90க்குக் கொடுத்துவிடுகிறார்கள். கரண்ட் போனதைப் பற்றி வயலில் யாரும் கதைக்கவே இல்லை.

மூலையில் புதிருக்கென்று விட்டிருந்த கதிரை அரிவாளால் வெட்டினார் அண்ணா. கட்டித் தலையில் வைத்து நடந்தார். வீட்டில் அடித்து, பாயில் பரப்பி, வெயிலில் காயவிட்டோம். பக்கத்துப் பாயில் மீன். காகத்துக்குக் காவல் பிள்ளைகள்.

வழக்கமாகப் புதிர் நெல்லை மில்லில் கொடுத்துக் குற்றி எடுப்பார்களாம். மில்லுக்கும் கரண்ட் இல்லை. ஆக, உரலும் உலக்கையும். உரல் கவிழ்த்துப் பூச்சாடி வைத்திருந்தார்கள், நிமிர்த்திக் கழுவினோம். மச்சாளும் நானும் மாறி மாறி இடித்தோம். மச்சாளுக்கு 34 வயது, வன்னியில் பிறந்தவர், உலக்கை பிடித்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறதாம். முதல் கால் மணி நேரம் இருவரும் அரிசியை நொறுக்கித்தான் எடுத்தோம். பெரியம்மா வந்து, உலக்கையைப் பலத்தோடு இறக்க வேண்டாம், தூக்கி விடு, அது தன் பாரத்தில் விழட்டும் என்றார். அதன் பிறகு உமி தனியாக, அரிசி தனியாக வரத் தொடங்கியது. சுளகில் அவர் புடைத்தபோது உமி பறந்து அவருடைய தலைமயிரில் படிந்தது. இரண்டு கொத்து நெல்லுக்கு மூன்று பேர், ஒன்றரை மணி நேரம். தோள்பட்டை இப்போதும் நோகிறது.

பின்னேரம் சக்கரை, கற்பூரம், மண்ணெண்ணெய் வாங்க ஒட்டுசுட்டான் சந்திக்குப் போனோம். அங்கே போன நேரம் பார்த்து வெட்டு. பெரிய நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று இயந்திரமும் ஞாயிற்றுக்கிழமை விழுந்ததில் நின்றுவிட்டதால், பகுதி பகுதியாக ஒன்றரை மணி நேரம் நிறுத்துகிறார்களாம். கடையில் அட்டை இயந்திரம் வேலை செய்யவில்லை. இவர் பணப்பையில் 700 ரூபாய்தான். கொழும்பில் கையில் காசு வைத்திருக்கும் பழக்கமே எங்களுக்குப் போய்விட்டது. கணக்கு 2,340.

முன்பின் தெரியாத கடைக்காரர். "ஆற்றை வீடு?" என்று கேட்டார். பெரியப்பாவின் பெயரைச் சொன்னேன். மேசைக்குக் கீழேயிருந்து நீளக் கொப்பி ஒன்றை எடுத்து எழுதினார். "நீங்கள் போகேக்க தந்திட்டுப் போங்கோ. இல்லாட்டி தம்பி தருவார்." பிறகு சின்னவனின் முழங்காலைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்ப் பிளாஸ்டர் ஒன்று எடுத்து வந்தார். அதைக் கொப்பியில் எழுதவில்லை.

அன்றிரவும் விளக்குத்தான். இன்றைக்கு நான்கு. மற்ற மூன்றையும் பிள்ளைகளே செய்தார்கள், மூத்தவள் திரி, அண்ணாவின் மகன் வால்வு, சின்னவன் பஞ்சு. ஜன்னல் மட்டை அதே இடத்தில் இருந்தது. மூத்தவள் ஏதோ யோசித்தவளாய்த் தான் செய்த விளக்கின் பக்கத்திலும் ஒரு மட்டையைச் சாய்த்து வைத்தாள். ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பெரியம்மா அதைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர் எழும்பிப் போய் இரண்டு மட்டைகளையும் எடுத்துக் குசினி மூலையில் போட்டார்.

"வேண்டாம். நல்லா வெளிச்சம் வெளியில தெரியட்டும்."

11 பெப்ரவரி, செவ்வாய், தைப்பூசம்

நாலரைக்கு எழும்பிக் கப்பியில் அள்ளிக் குளித்தோம். கிணற்றுத் தண்ணீர் விடியப்புறம் இளஞ்சூடாக இருக்கும், மேலே வரும்போது ஆவி பறக்கும். பிள்ளைகள் அதை நம்பாமல் கையை விட்டு விட்டுப் பார்த்தார்கள்.

முற்றத்தில் மூன்று கல் அடுப்பு. நாங்கள் இடித்த அரிசி, பயறு, சக்கரை, தேங்காய்ப் பால். கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தபோது அண்ணாவின் மகன் சீனவெடி கொளுத்தப் போனான், பெரியம்மா வேண்டாம் என்றுவிட்டார். படையல், தேவாரம். முதல் கவளம் பெரியப்பாவின் படத்துக்கு முன்னால். பிறகு 14 வீட்டுக்கும் வாழையிலைத் துண்டில் வைத்துப் பிள்ளைகள் கொண்டுபோனார்கள். திரும்பி வரும்போது கை நிறைய வாழைப்பழம், கரும்பு, ஒரு சின்னப் போத்தல் தேன்.

பொங்கலில் இரண்டு மூன்று உமி கடிபட்டது. மில் அரிசியில் வராத மணம் ஒன்றும் இருந்தது, பச்சை வைக்கோலை வெயிலில் கசக்கியதுபோல. மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

பன்னிரண்டே கால் இருக்கும், மத்தியானச் சோற்றுக்குக் குந்தியிருக்கிறோம். மேலே காற்றாடி அசைந்தது. ஒருவரும் சத்தம் போடவில்லை, அண்ணாந்து பார்த்தபடி இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மாதிரி மறுபடி "டப்" என்று வருமோ என்ற பயம். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பிரிட்ஜ் உறுமத் தொடங்கியது. அப்போதுதான் ஒழுங்கையில் கைதட்டல்.

மோட்டர் சுவிச் இரண்டு நாளாகப் போட்டபடியே இருந்தது ஒருவருக்கும் நினைவில்லை. தொட்டி நிரம்பி வழிந்து, கூரைப் பீலியால் கொட்டி, முற்றத்தில் காய்ந்த மீன் அரைவாசி நனைந்துவிட்டது. மச்சாளுக்குத்தான் பெரிய கவலை. மறுபடி உப்புப் போட்டு மறுபடி பரப்பினோம்.

திறக்காத இன்சுலின் போத்தல்களை உடனே பாவிக்கத் தொடங்குவதா, திரும்பக் குளிரில் வைப்பதா என்று குழப்பம். அண்ணா ஆஸ்பத்திரியில் கேட்டு வந்தார். தொட்டுப் பார்க்கக் குளிர்ந்தே இருந்தது, கலங்கவில்லை, அவற்றை முதலில் முடிக்கச் சொன்னார்களாம். சின்னவனுக்குப் பெரியம்மா நூறு ரூபாய் கொடுத்தார், தண்ணீர் தெளித்த சம்பளம்.

பின்னேரம் அலுமாரியில் என் சாறி எடுக்கப் போனேன். நீலப் பை உள்ளே இல்லை. கட்டிலுக்குக் கீழே இருந்தது.

12 பெப்ரவரி, புதன், பூரணை

ஆறு மணிக்குப் புறப்பாடு. கார்ப் பெட்டிக்குள் பத்துக் கிலோ குத்தரிசி, பனங்கிழங்குக் கட்டு, கருவாட்டுப் பொதி. மூத்தவள் தன் ஜாம் போத்தல் விளக்கைப் பத்திரிகையில் சுற்றித் தன் பையில் வைத்திருக்கிறாள், எண்ணெயை ஊற்றிவிட்டுத்தான். ஒட்டுசுட்டான் சந்தியில் 2,340 ரூபாயைக் கொடுத்தோம். கடைக்காரர் கொப்பியில் கோடு கீறிவிட்டு, "பொங்கல் பொங்கினதோ?" என்று கேட்டார்.

புறப்படும்போது அண்ணா கம்பி வலையைத் திரும்ப ஆணியடிக்கச் சுத்தியலோடு கிணற்றடியில் நின்றார். பிள்ளைகள் விழுந்துவிடுவார்கள் என்பது அவருடைய கவலை, அதுவும் சரிதான். பெரியம்மா அவரோடு ஏதோ வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தார். முழுதாகக் கேட்க நேரமிருக்கவில்லை.

மாங்குளம் தாண்டி ஏ9இல் ஏறியதும் பெரியம்மாவின் அழைப்பு.

"எங்க நிக்கிறியள்? சாப்பிட்டனீங்களே?"

"இன்னும் இல்லைப் பெரியம்மா. கரண்ட் நிக்குதோ?"

"ஓம் ஓம், நிக்குது. தொட்டியும் நிறைஞ்சிட்டுது." பின்னால் கோழிகளின் சத்தம். "தம்பி வலையில ஒரு கதவு மாதிரி விட்டு, பூட்டுப் போட்டுத் தந்தவன். கப்பியைக் கழட்டேல்லை. வாளியும் கயிறும் அப்பிடியே கிடக்குது."

சின்னவன் போனைப் பறித்து, "கப்பிக்கு எண்ணெய் விட்டனீங்களோ அம்மம்மா?" என்று கேட்டான்.